படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறது: கழுத்துத் தேய்மானம்தான் காரணமா?

சோமனூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் உள்ள ஓர் ஊரிலிருந்து 54 வயதுப் பெண்மணி ஒருவர் நான்கு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டை ஒட்டிய தறிக்குடோனில் எட்டு விசைத்தறிகள். முப்பது ஆண்டுகளாக அவரும் கணவரும் கூலிக்கு நெய்து கொடுக்கிறார்கள். ஏழு மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் வலது பக்கம் புரண்டு படுத்தபோது மின்விசிறியும் சுவரும் சேர்ந்து சுழன்றன. மஞ்சளாக வாந்தி எடுத்தார். மாரடைப்பு என்று பயந்து மகன் மருத்துவமனைக்குக் கொண்டு போனார். ஈசிஜி, சர்க்கரை எல்லாம் சரியாக இருக்க, குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு கழுத்து எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு தேய்ந்திருக்கிறது" என்று கழுத்துப்பட்டை கொடுத்திருக்கிறார்கள். நான்கு மாதமாக அதைக் கழற்றவில்லை. மூளை ஸ்கேனில் குறை ஒன்றும் இல்லை. காதில் இரைச்சல் கேட்கிறது என்று சொன்னதால், இன்னொரு மருத்துவர் சீட்டில் "மெனியர் நோய்?" என்று கேள்விக்குறியோடு எழுதியிருக்கிறார். ஐந்து மாதங்களாக மூன்று வேளையும் மாத்திரை. கூடவே ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. சுற்றல் குறையவில்லை. இப்போது கை லேசாக நடுங்குகிறது, நடை தளர்ந்துவிட்டது. இரவில் மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூக்கம். உறவினர்கள் பித்தம் என்கிறார்கள். கணவர் மனப்பயம் என்கிறார். மகன் செல்போனில் வீடியோ பார்த்து ஒரு பயிற்சி செய்து விட்டதில் வாந்திதான் மிச்சம். "எனக்கு என்ன நோய்? ஆயுசுக்கும் மாத்திரையா? தறி ஓட்டலாமா? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கலாமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "வலது பக்கம் புரண்டால் சுற்றும், அசையாமல் கிடந்தால் அரை நிமிடத்தில் நின்றுவிடும்." நீங்கள் எடுத்த எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும்விட இந்த ஒரு வரியே எனக்கு அதிகம் சொல்கிறது. இதை மருத்துவர்களிடம் சொல்ல முயன்றதாகவும், அதற்குள் அவர்கள் சீட்டு எழுதிவிட்டதாகவும் சொல்கிறீர்கள். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் இது நடக்கிறது. ஆனால் நடக்கக் கூடாது. தலைசுற்றலில் நோயைக் காட்டிக்கொடுப்பது நோயாளியின் வாய்ச்சொல்தான்.

நம் ஊரில் கிறுகிறுப்பு, கிறக்கம், மயக்கம், தலைசுற்றல் என்று எதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் ஒரே மாத்திரையோடு திரும்புகிறார்கள். உண்மையில் இவை வேறு வேறு. அறையே சுழல்வது ஒன்று. கண் இருட்டிக்கொண்டு விழப்போவதுபோல் இருப்பது இன்னொன்று. தலையில் ஒன்றும் இல்லாமல் நடையில் மட்டும் தள்ளாட்டம் வருவது மற்றொன்று. உங்களுக்கு இந்த மூன்றும் இருப்பதாகத் தெரிகிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே என்று எல்லாரும் தேடியதால்தான் ஏழு மாதங்கள் போய்விட்டன. கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய என்னால் முடியாது. எதைச் சந்தேகிக்க வேண்டும், எந்தச் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

இடம் மாறிய துகள்கள்

முதலில் அறை சுழல்வது. ஒவ்வொரு காதின் உட்புறத்திலும் அரைவட்டமாக மூன்று நுண்குழாய்கள் உண்டு. அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. தலை திரும்பினால் திரவம் அசையும். அந்த அசைவை நரம்பு மூளைக்குச் சொல்லும். இந்தக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு பை இருக்கிறது. கொத்தனார் வைக்கும் ரசமட்டம்போல, தலை நிமிர்ந்திருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று சொல்வது அதன் வேலை. அதன்மேல் சுண்ணாம்புச் சத்தால் ஆன, தூசியைவிட நுண்ணிய துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயதாலோ, தலையில் அடிபட்டதாலோ, பல நேரங்களில் காரணமே தெரியாமலோ அவற்றில் சில உதிர்ந்து குழாய்க்குள் போய்விடும். பிறகு நீங்கள் புரளும்போதும், அண்ணாந்து பார்க்கும்போதும், குனியும்போதும் அந்தத் துகள்கள் உருளும், திரவம் தேவையில்லாமல் அசையும். அசையாத தலை சுழல்வதாக மூளைக்குத் தவறான செய்தி போகும். துகள்கள் ஓரிடத்தில் படிந்ததும் சுற்றல் நின்றுவிடும். உங்கள் "அரை நிமிடம்" அதுதான். தலைநிலை மாறும்போது வரும் இந்தச் சுற்றலைச் சுருக்கமாக 'பிபிபிவி' என்கிறோம். அறை சுழலும் தலைசுற்றலில் மிக அதிகமாகக் காண்பது இதைத்தான். உயிருக்கு ஆபத்தில்லாதது.

நீங்கள் தறியில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடக் குனிந்தபோதும், பரணில் இருந்து தார்ப்பெட்டியை (நூல் சுற்றிய தார்க்குச்சிகள் வைக்கும் பெட்டி) எடுக்க அண்ணாந்தபோதும் வந்தது என்று எழுதியிருப்பது இதோடு அப்படியே பொருந்துகிறது.

உறுதி செய்ய ஒரு கட்டிலும் மருத்துவரின் இரண்டு கைகளும் போதும். 1952-ல் மார்கரெட் டிக்ஸ், சார்ல்ஸ் ஹால்பைக் என்ற இருவர் விவரித்த சோதனை இது. உங்களைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் பாதியளவு திருப்பி, வேகமாக மல்லாக்கப் படுக்கவைத்து, தலை கட்டிலின் விளிம்பில் சற்றுத் தொங்கும்படி பிடித்துக்கொள்வோம். இரண்டு மூன்று நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு கருவிழிகள் வெட்டி வெட்டிச் சுழலத் தொடங்கும். அந்த நேரத்தில் நோயாளிகள் என் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். "கண்ணை மூடாதீர்கள், நான் பிடித்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே விழிகளைப் பார்ப்பேன். ஒரு நிமிடத்துக்குள் சுழற்சி தணிந்துவிடும். எந்தப் பக்கம் படுக்கவைத்தபோது வந்தது, விழி எந்தத் திசையில் வெட்டியது என்பதை வைத்து எந்தக் காது, எந்தக் குழாய் என்று சொல்லிவிடலாம். ஏழு மாதத்தில் உங்களை யாரும் இப்படிப் படுக்கவைத்துப் பார்க்கவில்லை என்பதே கடிதத்தில் எனக்கு மிக வருத்தம் தந்த செய்தி.

சிகிச்சையும் கையால்தான். ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1992-ல் வெளியிட்ட முறை அது. தலையையும் உடலையும் வரிசையாகச் சில நிலைகளில் திருப்பி, ஒவ்வொன்றிலும் அரை நிமிடத்துக்கு மேல் நிறுத்தி, உருண்டு வந்த வழியிலேயே துகள்களைப் பழைய பைக்குத் திருப்பி அனுப்புவது. பத்து நிமிட வேலை. பத்தில் எட்டுப் பேருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சுற்றல் நின்றுவிடுகிறது. உங்கள் மகன் செய்ததும் இதைத்தான். ஆனால் அந்த வீடியோவில் இடது காதுக்குக் காட்டியதை அப்படியே செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குச் சந்தேகப்பட வேண்டியது வலது காது. துகள் வேறொரு குழாயில் இருந்தால் திருப்பும் விதமே வேறு. தாய் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் செய்த பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். முதல் தடவை மருத்துவர் செய்யட்டும். மகனைக் கூடவே அழைத்துப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தத் தொல்லை திரும்ப வரக்கூடியது. ஐந்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மறுபடி வருகிறது. அப்போது சரியாகக் கற்றுக்கொண்ட மகன் வீட்டில் இருப்பது பெரிய உதவி. வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு மீண்டும் வருவது அதிகம் என்பதால், அந்த ரத்தப் பரிசோதனையையும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

கழுத்து, பித்தம், மெனியர்

ஐம்பதைத் தாண்டியவர்களின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் தேய்மானம் தெரியும். என் கழுத்திலும் தெரியும். அதற்கு நரை என்ற அளவில்தான் பொருள். கழுத்துவலியும் கையில் மரமரப்பும் இருந்தால் அது வேறு விஷயம். உங்களுக்கு இரண்டும் இல்லை. அரை நிமிடம் அறை சுழல்வதற்குத் தேய்மானம் காரணமாவதில்லை. பட்டையைத் தொடர்ந்து போட்டால் கழுத்துத் தசைகள் வலுவிழக்கும். தலையை அசைத்து அசைத்துத்தான் மூளை சமநிலையை மறுபடி கற்கும், அதையும் பட்டை தடுத்துவிடும். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அதைக் கழற்றிவிடுங்கள்.

பித்தம் என்று சொன்னவர்கள் உங்கள் மீதுள்ள அக்கறையில் சொன்னார்கள். விடியற்காலையில் வெறும் வயிறாக இருந்ததால் பித்தநீர் மஞ்சளாக வெளியே வந்தது. காதின் சமநிலை நரம்புக்கும் மூளையில் வாந்தியைத் தூண்டும் பகுதிக்கும் தொடர்பு உண்டு. சுற்றியதால் வாந்தி வந்தது, வாந்தியால் சுற்றவில்லை. எலுமிச்சைச் சாறும் இஞ்சியும் குடிப்பதில் கெடுதல் இல்லை, குமட்டலுக்கு இஞ்சி இதமாகவும் இருக்கும். காதுக்குள் இருக்கும் துகளை அவை நகர்த்தாது.

மெனியர் என்ற பெயரைச் செல்போனில் தேடி, காது முழுதும் செவிடாகிவிடும் என்று படித்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நோயில் சுற்றல் குறைந்தது இருபது நிமிடம், சில நேரம் மணிக்கணக்கில் நீடிக்கும். அந்த நேரத்தில் காது அடைத்துக்கொண்டு கேட்கும் திறன் குறையும், இரைச்சல் கூடும். உங்களுக்குச் சுற்றலின்போது காதில் எந்த மாற்றமும் இல்லை. இரைச்சலோ பத்து வருடமாக இரண்டு காதிலும் இருக்கிறது. எனக்கு இது தறியின் வேலையாகத் தோன்றுகிறது.

விசைத்தறிக் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேர வேலைக்குத் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் எல்லையே 90தான். முப்பது ஆண்டுகள் அதற்குள் நின்றவரின் காதில் உச்சத்தொனி ஒலிகளைக் கேட்கும் செல்கள் முதலில் அழியும். கேட்கும் திறன் சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். மெனியர் நோயில், தொடக்கத்தில் தாழ்ந்த தொனிகளில்தான் குறைவு தெரியும். ஆகவே ஆடியோகிராம் என்ற அந்த ஒரு சோதனை இந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். ஸ்கேனுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டியது.

இன்னொன்று. காதில் கழிவுப் பஞ்சை அடைத்துக்கொண்டு தறி ஓட்டுவதாகச் சொல்கிறீர்கள். சோமனூர்ப் பக்கம் பலர் இதையே செய்கிறார்கள். பஞ்சு சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. மருந்துக் கடையில் அழுத்திச் செருகும் நுரை அடைப்பான் கிடைக்கும். விரலால் உருட்டிச் சுருக்கிச் செருகினால் உள்ளே விரிந்து காதை நிறைக்கும். உங்கள் கணவருக்கும் ஒரு ஜோடி வாங்குங்கள். மில்லில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு செய்தி: இரைச்சலால் வரும் காது மந்தம், சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளது. இஎஸ்ஐ அட்டை உள்ளவர்கள் அதன் மருத்துவமனையில் காதைச் சோதித்துப் பதிவு செய்துவைத்துக்கொள்வது அவர்களுக்கு உள்ள உரிமை.

மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன்

அட்டையைப் பார்த்து நீங்கள் எழுதி அனுப்பிய பெயர்களில் சின்னரிசைன், புரோகுளோர்பெரசைன் இரண்டும் இருக்கின்றன. தாங்க முடியாத சுற்றலும் வாந்தியும் உள்ள முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு இவை நல்ல மருந்துகள். துகளை இவற்றால் நகர்த்த முடியாது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் மூளை தானாகச் சமநிலையை மீட்டுக்கொள்வதைத் தாமதப்படுத்தும். அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. இந்த இரண்டு மருந்துகளும் சிலருக்கு, குறிப்பாக வயது கூடியவர்களுக்கு, பார்க்கின்சன் நோய்போலவே கைநடுக்கத்தையும் நடைத்தளர்ச்சியையும் கொண்டுவரும். "கை நடுங்குகிறது, நடக்கும்போது கால் தரையை விட்டு எழவில்லை" என்று நீங்கள் எழுதியதை முதுமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் சரியாகிவிடும். இந்த வாரமே அட்டைகளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், நடுக்கத்தைக் காட்டி, "இது இந்த மாத்திரையால் இருக்குமா, நிறுத்தலாமா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆனால் படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும் கண் இருட்டுவது உங்களுடைய இரண்டாவது வகை. இதற்குக் காது காரணமில்லை. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கும். ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதுவரை, எழும்போது கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள்.

மனப்பயமா?

உங்கள் கணவர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, ஆனால் அவர் நினைக்கும் விதத்தில் இல்லை. காலடியில் தரை நழுவியதை ஒருமுறை அனுபவித்த யாருக்கும் அச்சம் வரும். அச்சத்தில் தலையை அசைக்காமல், கழுத்தை விறைத்து, சுவரைப் பிடித்தே நடப்போம். மூளைக்குக் காது, கண், பாதம் என்று மூன்று வழியில் சமநிலைச் செய்தி வருகிறது. காதை நம்பாமல் கண்ணை மட்டும் நம்பப் பழகிவிடுவதால், தலைக்குக் குளிக்கக் கண்ணை மூடினாலும், இருட்டில் பின்கட்டுக்குப் போனாலும் தள்ளாடுகிறது. உங்களுடைய மூன்றாவது வகை இதுதான் என்று நினைக்கிறேன், மாத்திரையின் பங்கும் சேர்ந்து. துகள்களைச் சரிசெய்த பிறகும் சில வாரம் இது மிச்சமிருக்கலாம். சிகிச்சை பலிக்கவில்லை என்று பயந்துவிடாதீர்கள்.

அதற்கு வீட்டிலேயே ஒரு பயிற்சி. சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டருக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். தேதி எண்ணிலிருந்து பார்வையை எடுக்காமல், தலையை மட்டும் இடமும் வலமுமாக ஆட்டுங்கள். எண் கலங்காமல் தெரியும் வேகம் போதும். ஒரு நிமிடம், பிறகு மேலும் கீழுமாக ஒரு நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. தொடக்கத்தில் லேசாகக் கிறுகிறுக்கும். அதுவே மூளை கற்றுக்கொள்வதன் அறிகுறி. மாலையில் உங்கள் கணவரோடு தெருவில் நடங்கள். அவர் கையைப் பிடிக்காமல் பக்கத்தில் மட்டும் வரட்டும்.

எங்கே போவது, எப்போது காத்திருக்கக் கூடாது

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். தனியாரிடம் ஏற்கெனவே நிறையச் செலவாகிவிட்டது என்கிறீர்கள். கோவை, திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு இருக்கிறது. இரண்டும் உங்களுக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். உள்ளே போனதும் "தலைசுற்றல்" என்று தொடங்காதீர்கள். "வலது பக்கம் புரண்டால் அறை சுழல்கிறது, அரை நிமிடத்தில் நிற்கிறது, படுக்கவைத்துச் சோதித்துப் பாருங்கள்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் சரி.

மூளைக்கட்டி, பக்கவாதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் அவற்றுக்கான குறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் எல்லா வாசகர்களும் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. சுற்றலோடு பேச்சுக் குழறுதல், ஒன்று இரண்டாகத் தெரிதல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கைகால் வலுவிழத்தல், பிடித்துக்கொண்டாலும் நிற்கவே முடியாமை, இதுவரை வந்திராத கடுமையான தலைவலி இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். அடைப்பினால் வந்த பக்கவாதம் என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

தறியும் பழனியும்

தறியை விட வேண்டியதில்லை. சுற்றல் நிற்கும்வரை மட்டும் ஓடும் தறிகளுக்கு நடுவே தனியாக நிற்காதீர்கள். பெல்ட்டுக்கும், இழையோடு குறுக்கே பாயும் நாடாவுக்கும் பக்கத்தில் அரை நிமிடத் தடுமாற்றம் போதும், கை போய்விடும். பாவு ஏற்றுவதையும் குனிந்து இழை பிணைப்பதையும் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். உட்கார்ந்து தார் சுற்றும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பரணில் ஏற வேண்டாம், ஸ்கூட்டரும் இப்போதைக்கு வேண்டாம். சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் சுற்றல் வராமல் இருந்தால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு பழையபடி தறிக்குப் போகலாம்.

பழனிக்கு, தைப்பூசத்துக்குள் சரியாகிவிட்டால் தாராளமாக நடந்து போகலாம். தாராபுரம் வழியில் இரவு நடை வேண்டாம். இருட்டில் கண்ணின் துணை போய்விடும், பக்கத்தில் லாரிகள் ஓடும். வெளிச்சம் இருக்கும்போது நடந்து, பொழுது சாய்ந்ததும் தங்கிவிடுங்கள். மலையில் படிகளை விட்டு யானைப்பாதையில் மெதுவாக ஏறுங்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது மட்டும் பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். சோதனை முடிந்ததும் எந்தக் காது என்று தெரிந்துவிடும். அதையும், கைநடுக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.